ஊசியும் உழைப்பும்: யாழ்ப்பாணத்து இல்லங்களில் தையற்கலை – ஒரு சமூக வரலாற்று நோக்கு

‘தையல்’ என்னும் சொல் ஆடை தைக்கும் தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது. இவ்விரு பொருள்களும் ஒரே வேரில் எழுந்தனவா என்பது மொழியியலாளர் ஆராயவேண்டிய விடயம். ஆனால் அச்சொல்லை வைத்துக்கொண்டு, தையல் என்றென்றும் பெண்ணின் வீட்டுக் கடமையாக இருந்துவந்தது எனக் கொள்வது பொருந்தாது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் வைத்து எண்ணுகின்றது. அங்கு தையல் வீதியில் நிகழ்ந்த கைத்தொழில். முல்லைப்பாட்டில் உடம்பை மூடும் சட்டையைக் குறிக்கும் ‘மெய்ப்பை’ என்னும் சொல் யவனரின் உடையைக் கூறுமிடத்தே வருகின்றது. உடுத்தும் சேலையும் வேட்டியும் ஊசியை வேண்டாதவை. அவ்வாறாயின் ஊசியும் நூலும் எப்பொழுது, எவ்வாறு வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்தன? யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்கான விடையைப் பெருமளவுக்குக் காணலாம்.

1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களின் ஆட்சி 1658 வரையே நிலைத்ததெனினும், உடை சார்ந்த சில சொற்கள் அவர்களுக்குப் பின்னும் நின்று நிலைத்தன. பின்னல் வேலைப்பாடுடைய கரையைக் குறிக்கும் ‘ரேந்தை’ போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. சிங்களத்திலும் அது ‘ரேந்த’ என வழங்குகின்றது. காலுக்கு அணியும் ‘சப்பாத்து’ம் அவ்வாறே வந்தது. எனினும் சொல் வந்த வேகத்தில் தொழில் இல்லங்களுக்குள் நுழைந்ததாகக் கூறமுடியாது. அதற்குப் பள்ளிக்கூடம் என்னும் நிறுவனம் தேவைப்பட்டது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினார். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் ஆகியவற்றுடன் தையலும் அங்கே கற்பிக்கப்பட்டது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையில் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரின் காலத்தில், தாயும் மகளும் பேர்த்தியுமாகத் தலைமுறைகள் அங்கே பயின்றன. 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த திருக்குடும்பக் கன்னியர் கத்தோலிக்கப் பெண்களிடையே கல்விப்பணியை முன்னெடுத்தனர். மிஷன் பாடசாலைகளின் நோக்கம் வெளிப்படையானது. படித்த கிறிஸ்தவ ஆணுக்கு ஏற்ற இல்லத்தரசியை உருவாக்குவதே அது. ஊசி வேலை பொறுமையையும் ஒழுங்கையும் சுத்தத்தையும் பழக்கும் பயிற்சியாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் குடும்ப இலட்சியம் ஊசிமுனை வழியாக யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் புகுந்தது எனின் அது மிகையாகாது.

ஆயினும் இதனைப் பண்பாட்டுத் திணிப்பு என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடமுடியாது. தைத்த மேற்சட்டை இங்கு வெறும் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதற்குத் தடை இருந்தது. தென்திருவிதாங்கூரிலும் இதுவே பெரும் போராட்டமாக வெடித்தது. அங்கு 1814இல் கிறிஸ்தவரான சாணார் குலப் பெண்களுக்குக் ‘குப்பாயம்’ எனப்பட்ட சட்டையை அணிய அனுமதி வழங்கப்பட்டது. ஆனால் எதிர்ப்பும் கலவரமும் 1859ஆம் ஆண்டின் அரச பிரகடனம் வரை ஓயவில்லை. இப்பின்னணியில் நோக்கும்பொழுது, தன் மகளுக்குத் தானே ஒரு சட்டையை வெட்டித் தைக்கத் தெரிந்த தாயின் கைத்திறன் சமூக முக்கியத்துவம் உடையதாகின்றது. தையற்காரன் தைக்க மறுக்கலாம், ஊரார் தடுக்கலாம், ஆனால் வீட்டுக்குள் ஊசி பிடித்த கையை மறிப்பது எளிதன்று. அடக்கத்தைக் கற்பிக்க வந்த கலை, அடக்குமுறையை மீறவும் கருவியாயிற்று.

இரண்டாவது பெரிய மாற்றத்தைத் தையல் இயந்திரம் கொணர்ந்தது. அமெரிக்காவில் ஐசாக் சிங்கர் 1851இல் தமது இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். தவணை முறையில் பணஞ் செலுத்தும் ஏற்பாட்டினால் அது சாதாரண குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. 1877இல் அந்நிறுவனம் இலங்கையில் கால் பதித்தது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளே, 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மனிதனை வேலையினின்று விரட்டாது அவன் சுமையைக் குறைப்பது என்பதே அவர் கண்ட வேறுபாடு. யாழ்ப்பாணத்திலும் கை மெசினும் கால் மெசினும் காலப்போக்கில் வீட்டு விறாந்தையில் இடம்பிடித்தன. சீதனமாகக் கொடுக்கப்படும் பொருள்களோடு மெசினும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் இக்கலை கற்கப்பட்ட முறை தனித்து நோக்கத்தக்கது. பாடசாலையில் துண்டுத் துணியில் நூலோட்டுதல், பின்தையல், சங்கிலித் தையல், தெறித்துளைத் தையல் என வரிசை முறையில் பயிற்சி நடந்தது. வீட்டிலோ தேவையே ஆசிரியர். பழைய சட்டையொன்றின் தையலைப் பிரித்து, அதனைப் பத்திரிகைத் தாளின்மேல் விரித்து, தையலுக்கு விரலளவு கூட்டி வெட்டியெடுத்த தாளே முதலாவது பாடநூல். தாயின் பழைய பருத்திச் சேலையில் பிள்ளைக்குச் சட்டை. பிறக்கவிருக்கும் குழந்தைக்கு, தோய்த்துத் தோய்த்து மென்மையான வேட்டித் துண்டில் சிறு மேலாடை. வளரும் பிள்ளையின் பாவாடைக்குக் கீழ்மடிப்பை அகலமாக விட்டு, ஆண்டுதோறும் அவிழ்த்து நீட்டும் சிக்கனம். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரே துணிச்சுருளிலிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் உடை தைக்கப்பட்டது. மிஞ்சிய துண்டுகள் கைக்குட்டையாகவும் தலையணை உறையாகவும் மாறின. அவற்றின் மூலையில் பூவும் பெயரின் முதலெழுத்தும் இடப்பட்டன. திருமணமாகிச் செல்லும் தங்கைக்கும், கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் தமையனுக்கும் இவையே அன்பளிப்புகள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1970களின் முற்பகுதியில், இருக்கும் துணியைக் கொண்டு குடும்பத்தை உடுத்துவிக்கும் இத்திறன் நெருக்கடியைத் தாங்கும் பலமாக விளங்கியது.

இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு எழுகின்றது. கடையில் தையற்காரர் தைத்தால் அது தொழில். அதற்குக் கூலி உண்டு. அதே சட்டையைத் தாய் வீட்டில் தைத்தால் அது அன்பு. அதற்குக் கணக்கு இல்லை. அன்பளிப்பு என்னும் அழகிய பெயர், அதன் பின்னுள்ள உழைப்பைக் கண்ணுக்குப் புலப்படாது மறைத்துவிடுகின்றது. இரவில் விளக்கின் கீழ் செலவிடப்பட்ட மணித்தியாலங்கள் தேசிய வருமான மதிப்பீடுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் அயல் வீட்டாருக்குச் சட்டை தைத்துப் பெற்ற சில்லறை, பல பெண்களுக்குத் தம் கையில் தாமே வைத்திருந்த முதற் பணமாக இருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. 1980களின் பிற்பகுதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சி நின்றது. பெண்ணின் கைக்கு ஊசி வேலை இயல்பானது என்னும் நூற்றாண்டுக்கால நம்பிக்கையே, இளம் பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்துவதற்கும் வசதியான நியாயமாயிற்று. வீட்டில் ஒரு சட்டையை முழுமையாகத் தைத்தவள், தொழிற்சாலையில் நாள் முழுவதும் காலரை மட்டும் அல்லது கையை மட்டும் பொருத்துபவளானாள். யாருக்காகத் தைக்கின்றோம் என்னும் அறிவு அறுந்துபோயிற்று.

போர்க்காலம் இவ்வரலாற்றில் ஆழ்ந்த வடுக்களை விட்டுச்சென்றது. தையற்றொழில் யாழ்ப்பாண முஸ்லிம்களின் பாரம்பரியத் தொழில்களுள் ஒன்று. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வீடுகளின் அளவை அறிந்திருந்த கைகள் ஊரைவிட்டே அகன்றன. ‘எம்முடைய’ உடைப் பண்பாடு எனப் பேசுவோர், அதனை உருவாக்கிய அயலவரின் இழப்பையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிவுற்றபொழுது, கணவரை இழந்தும் தொலைத்தும் நின்ற பெண்கள் குடும்பத் தலைமையை ஏற்றனர். அவர்களுக்கு நிவாரண அமைப்புகள் வழங்கிய உதவிகளுள் தையல் இயந்திரமும் ஒன்று. ஆனால் ஒரே கிராமத்தில் பலருக்கும் மெசினைக் கொடுத்துவிட்டு, துணிக்கும் சந்தைக்கும் வழி காட்டாத திட்டங்களால் வாழ்க்கை நிமிர்ந்துவிடாது. பெண்ணென்றால் தையல் என்னும் பழைய சமன்பாடே அங்கும் திட்டமாக வகுக்கப்பட்டது.

எனவே வீட்டுத் தையலின் வரலாற்றைப் பெண்ணடிமையின் வரலாறு என்றோ, பெண்ணின் கைவண்ணத்தின் பெருமை என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஒரே ஊசி ஒழுங்கையும் பழக்கியது, உரிமையையும் தைத்துத் தந்தது, சுரண்டலுக்கும் இடமளித்தது. அரச ஆவணங்களிலும் மிஷன் அறிக்கைகளிலும் இவ்வரலாற்றின் ஒரு பாதியே உண்டு. மறுபாதி பெட்டிகளின் அடியில் மடித்து வைக்கப்பட்ட தலையணை உறைகளிலும், அவற்றைத் தைத்த முதியவர்களின் நினைவிலும் இருக்கின்றது. பல இடப்பெயர்வுகளில் அவ்வுறைகளுட் பெரும்பகுதி அழிந்தொழிந்தது. நினைவுகளும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. மன்னர்களின் பட்டியலை மனனஞ் செய்வதோடு வரலாற்றுக் கல்வி நின்றுவிடாதிருக்க வேண்டுமாயின், அம்முதியவர்களிடம் சென்று கேட்டுப் பதிவுசெய்வது பல்கலைக்கழக மாணவர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.