கானாடுகாத்தான் வீடுகளின் படியும் வளவும்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பர்மா, மலாயா வணிகப் பணத்தில் எழுந்தவை. அவற்றுள் ஒன்றான செட்டிநாடு அரண்மனை 1912இல் கட்டி முடிந்தது. மழைநீர் புகாதபடி தரைமட்டத்தை உயர்த்தியதால், தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணையை அடைய வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில் பின்தெரு வரை நீளும்; நிலைவாசல்தோறும் ஒரு வாசற்படி குறுக்கிடும். வளவின் நடுவே முற்றம் தாழ்ந்திருக்கும். அதைச் சுற்றிக் கைப்பிடி இல்லாத தாழ்வாரம்.

பின்னாளில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின. படிகள் நிறைந்த இவ்விடுதிகளுக்கு நடக்கச் சிரமப்படும் பெரியவருடன் வரும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: வாயிலில் சாய்தளம், தரைத்தளத்தில் அறை, சக்கர நாற்காலி நுழையும் குளியலறை. வாசற்படிகளைத் தாண்டிவிட்டால், தாழ்வாரத்தின் சமதளம் நாற்காலிக்குத் தோதானது.