துண்டு வீசியதும் இறங்குகிற ஊர்

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை பக்கம் போனால் பஞ்சாயத்து அறிவிப்புகளில் 'மீன்பாசி ஏலம்' என்றொரு சொல் கண்ணில் படும். கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று பொருள். மீன் சரி, அதில் பாசி எங்கிருந்து வந்தது? ஏலம் எடுக்கிறவரிடம் கேட்டால், "அப்படித்தாங்க சொல்லுவாக" என்பார். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருவாய் இனம் வருகிறது. ஏரியிலும் குளத்திலும் மீன்பிடிப்பதற்காகக் கட்டிய குத்தகைப் பணம் அது. பாட்டம் போய் ஏலம் வந்துவிட்டது. பாசி மட்டும் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. நீரில் தானாக விளைகிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற சொல்லாகவே எனக்கு அது படுகிறது.

ஒரு சொல் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தால் அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். ஏரி மீன் யாருக்குச் சொந்தம்? அதைப் பிடிப்பதில் யாரெல்லாம் சேரலாம்? சேர்ந்தவர்களை அது பிறகு எப்படிப் பிணைத்து வைக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் தமிழ்நாட்டு ஏரிகளுக்குள் நீண்ட வரலாறு உண்டு.

சங்கப் பாட்டிலிருந்தே தொடங்கலாம். பாணர் என்றதும் நமக்கு யாழ்தான் நினைவுக்கு வரும். ஆனால் மருதத் திணைப் பாடல்களில் பாணர்கள் தூண்டிலும் வலையுமாகவும் வருகிறார்கள். ஐங்குறுநூற்றில் ஒரு பாண்மகள் கூடை நிறையக் கெளுத்தி கொண்டுவந்து கொட்டுகிறாள். வீட்டுக்காரி அந்தக் கூடையில் பயறு நிரப்பித் தருகிறாள். இன்னொரு பாட்டில் விரால் கொண்டுவருகிறாள். அதற்கு ஒரு வருடம் கழிந்த பழைய வெண்ணெல் கிடைக்கிறது. கெளுத்திக்குப் பயறு, விராலுக்குப் பழைய நெல். மீன் பிடிக்கிறவளும் வயல் வைத்திருப்பவளும் ஒருவர் வாசலில் ஒருவர் நிற்கிற உறவு அங்கே தெரிகிறது. அது சமமான உறவு என்று சொல்ல முடியாது. ஆனால் இருவருக்கும் ஒரே தண்ணீர்தான் சோறு போட்டது.

அடுத்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஊரின் ஏரியான வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. ஏரி என்றால் கரை உடையும், மடை அடைக்கும், தூர் சேரும். ஏரியில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்கென்றே அறக்கட்டளை வைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. இதற்கெல்லாம் காசு வேண்டும். பல ஊர்களில் மீன் வருவாய் ஏரிப் பராமரிப்புக்கே திரும்பிப் போயிருக்கிறது. ஏரி தந்ததை ஏரிக்கே கொடுப்பது என்ற எளிய கணக்கு. அதே சமயம், அந்த வாரியத்துக்கு யார் போட்டியிடலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு, 35-லிருந்து 70 வரை வயது. இது பிரமதேய ஊரின் சபை. சேற்றில் இறங்கி மீன்பிடித்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

இதைச் சொல்லாமல் ஏரிகளைப் பற்றிப் பேசினால் அது வெறும் ஏக்கமாகப் போய்விடும். ஆங்கிலேய மானுடவியலாளர் டேவிட் மோஸ் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களை நெடுங்காலம் ஆராய்ந்து 2003-ல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை வெளியிட்டார். பழைய கிராமம் தானே ஒற்றுமையாக ஏரியைப் பார்த்துக்கொண்டது என்ற சித்திரத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. கண்மாய் என்பது பாளையக்காரர், ஜமீன், கோயில் மரியாதை, சாதி எல்லாம் பின்னிய அதிகாரம் என்கிறார். மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர்களை எங்கள் பக்கம் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்பார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துபடி. முதல் மரியாதை மட்டும் வேறு யாருக்கோ போகும்.

ஆனாலும் கண்மாயை வைத்துப் பிழைக்கிற ஊரில் யாரும் தனியாகப் பிழைக்க முடியாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்லும். தென்மாவட்டக் கண்மாய்கள் சங்கிலிபோலத் தொடுத்தவை. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்கண்மாய்க்கு வரும். தண்ணீரோடு மீனும் வரும். முன்பெல்லாம் யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டை, கெளுத்தி, அயிரை, குரவை, விரால் எல்லாம் எதிர்நீச்சலில் ஏறிவிடும். விரால் காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன், தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் ஈரத்தோடு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காவல் காக்கும். மேலூர் மழை, கீழூர் மீன். இப்படி ஒரு உறவு இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எழுதாமலே இருந்தது.

ஆங்கிலேயர் வந்ததும் இந்த உறவைச் சட்டமாக எழுதப் பார்த்தார்கள். 1858-ல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை வேலைக்கு ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தைச் செய்யத் தவறினால் அபராதம். பெரிய பழுதுகளை அரசு பார்க்கும், சின்ன வேலைகளை ஊர் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். சட்டம் காகிதத்தில் இருந்ததே தவிர, ஆள் வரவில்லை. ஏன் வரணும்? தண்ணீர் மேலும் மரத்தின் மேலும் மீன் மேலும் ஊருக்கு இருந்த பிடி ஒவ்வொன்றாக அரசுக்கும் ஜமீனுக்கும் போய்க்கொண்டிருந்தது. பலன் ஒரு பக்கம், மண்வெட்டி இன்னொரு பக்கம் என்றால் கூட்டம் எப்படிக் கூடும்?

அபராதம் போட்டும் கூடாத கூட்டம், ஒரு வெள்ளைத் துண்டை வீசினால் இன்றைக்கும் கூடுகிறது. அதுதான் மீன்பிடித் திருவிழா.

மாசியிலிருந்து வைகாசிக்குள், அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்கால், தொடை அளவுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். அதுவரை யாரும் அங்கே வலை போடக் கூடாது. முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் செய்தி போகும். விடியும் முன்னே ஆயிரக்கணக்கில் சனம் கரையில் நிற்கும். கரையிலிருக்கும் தெய்வத்துக்குச் சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகு பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அந்தக் கணம் வரை ஒரு கால்கூட நனையாது. வீசியதும் மொத்தக் கூட்டமும் ஓவென்று இறங்கும்.

கையில் பிரதானமாக இருப்பது ஊத்தா. மூங்கில் சிம்புகளால் பின்னிய, அடியில் அகன்று மேலே குறுகிய, இரண்டு பக்கமும் திறந்த கூடை. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்திக்கொண்டே நடக்கணும். உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் முட்டும், அந்த அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். கேரளத்தில் இதை ஒற்றால் என்கிறார்கள், வங்காளத்தில் போலோ. எல்லா இடத்திலும் ஒரு குணம் ஒன்றுதான்: தனியாளாகக் குத்தினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வரிசையாகப் பத்துப் பேர் குத்தினால் ஒருவரிடமிருந்து தப்பும் மீன் அடுத்தவர் கூடைக்குள் போகும். உன் சத்தம்தான் என் மீனை விரட்டிக் கொண்டுவருகிறது. "மாப்ளே, அந்தப் பக்கம் கலக்குடா, இங்கிட்டு ஓடியாருது" என்று கத்துவது வெறும் உற்சாகம் இல்லை. அதுதான் தொழில்நுட்பம்.

ஊத்தா இல்லாதவர்களிடம் கச்சா, பரி, கொசுவலை, பழைய சேலை. எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கும். கெளுத்தியை எப்படிப் பிடித்தால் முள் ஏறாது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ளும். செவுளுக்குப் பின்னால் இருக்கிற முள்ளை விரலிடுக்கில் விட்டுப் பிடிக்கணும். சித்தப்பா ஒருதரம் காட்டுவார், மறுதரம் முள் கற்றுக்கொடுக்கும்.

எழுதாத விதிகள் சில உண்டு. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குத்தான் கொண்டுபோகணும். வெளியூர்க்காரர்களும் இறங்கலாம். வெறுங்கையோடு ஏறுகிறவருக்கு யாராவது நாலு மீன் போடுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பணும். சொல்லாமல் விட்டால், "கம்மா அழிஞ்சதுக்கு ஒரு வார்த்த சொல்லல" என்று அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சு ஓடும். அழிகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். மீன்பிடிப்பதைக் கண்மாய் அழிவது என்றே சொல்வார்கள். நீர் வற்றி மீன் செத்து நாறுவதற்கு முன்பு எல்லோரும் சேர்ந்து எடுத்துத் தீர்த்துவிடுவது. தீர்த்தால்தான் அடுத்த வருடம் மழை பெய்து நிறையும் என்பது நம்பிக்கை. சேமித்து வைக்க முடியாத செல்வத்தைப் பகிர்ந்து முடித்துவிடுவதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

அன்று மாலை ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம். சாம்பலும் கல்லுப்பும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசிச் செதில் எடுத்து, புளி கூடுதலாகக் கரைத்து மண்சட்டியில் வைத்த குழம்பு. மறுநாள்தான் அதற்கு முழு ருசி. பேசாமலிருந்த பங்காளி வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி போகும். சண்டையை அது தீர்த்துவைக்காது. ஆனால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க யாராவது வந்துதானே ஆகணும்?

இந்த விழாச் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: சாதி, மத பேதமின்றி அனைவரும் கலந்துகொண்டனர். அந்த ஒரு காலை நேரத்துக்கு அது பெரும்பாலும் உண்மைதான். சேற்றில் நிற்கும்போது யார் யாரென்று தெரியாது. ஆனால் நாள் குறிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்தார்கள், துண்டு யார் கையில் இருந்தது, ஏலப் பணம் யார் கோயிலுக்குப் போனது என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறும். ஒரு நாள் பேதமில்லை என்று பெருமைப்படும்போதே மற்ற 364 நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். என்றாலும் அந்த ஒரு நாளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்படியும் நிற்க முடியும் என்று ஊரின் உடம்புக்குத் தெரிந்த நாள் அது.

அந்த நாளும் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. 1952-ல் திலாப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாம் ஜிலேபி என்று செல்லப்பெயர் வைத்த அந்த மீன் நாட்டு மீன்களின் இடத்தை நெருக்கியது. 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி மூலம் கெண்டை இனங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அது நல்ல சாதனை, இந்திய நன்னீர் மீன் வளர்ப்பே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கிக் கண்மாயில் விட முடியும் என்று ஆனதும் மீன் என்பது முதலீடு ஆகிவிட்டது. முதலீடு போட்டவர் காவல் போடுவார். காவல் போட்ட தண்ணீரில் ஊர் இறங்க முடியாது. பிள்ளைகள் தூண்டில் போட்டாலே விரட்டு. ஏலப் பணம் பொதுக்கணக்கில் சேரலாம், அதனால் ஊருக்கு நன்மையும் வரலாம். ஆனால் கண்மாயின் ஆழம் எங்கே, பள்ளம் எங்கே என்று காலால் தெரிந்துகொண்ட தலைமுறை அதோடு நின்றுபோகும்.

2017-ல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. தூர் எடுப்பதற்கு இயந்திரம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, நிதி வந்தது. குடி வந்ததா என்பதுதான் கேள்வி. 1858 சட்டத்துக்குத் தெரியாத ஒன்று ஊத்தா பிடித்த கைக்குத் தெரியும். தண்ணீரில் பங்கு இருக்கிறவர்தான் கரைக்கு மண் போடுவார். இந்த வருடம் உங்கள் ஊர்க் கண்மாய் அழிகிறது என்று செய்தி வந்தால், மீன் கிடைக்குமா என்று யோசிக்காமல் ஒருதடவை போய் இறங்குங்கள். ஊத்தா இல்லையென்றால் கேட்டால் தருவார்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.