கொல்லிமலை ஏறுமுன் புரட்ட வேண்டிய ஏடுகள்

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல கொல்லிமலைக்குப் புறப்படுகின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, இரண்டு பலாப்பழங்கள், மாலையில் திரும்பிவிடுகிறோம். அம்மலையில் யார் வாழ்ந்தார்கள், இன்று யார் வாழ்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் நம்மிடம் விடையில்லை.

பூமியில் பயணம் செய்து முன்சென்ற மக்களைப் பற்றிச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. மனிதர் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. கி.பி. 973இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, இந்திய மக்களை அறிய சமஸ்கிருதம் கற்று, அவர்களின் நூல்களைப் படித்த பின்னரே 1030ஆம் ஆண்டளவில் இந்நாட்டைப் பற்றித் தம் பெருநூலை எழுதினார். ஒரு மக்களைப் பற்றிப் பேசுமுன் அவர்களின் ஏடுகளுக்குச் செவிகொடுப்பது நம் முன்னோர் காட்டிய ஒழுக்கமாகும்.

கொல்லிமலைக்கு முதல் ஏடு புறநானூறு. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய இந்நூலின் 152ஆம் பாடலில், வன்பரணர் ஒரு வேடனைக் காட்டுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியது. பசியோடு வந்த பாணர் கூட்டத்திற்கு அவன் மான் இறைச்சியும், தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தான். அவனே கொல்லியின் தலைவன் வல்வில் ஓரி. செம்மேட்டில் இன்று நாம் கடந்துபோகும் சிலை அவனுடையதே.

இஸ்லாம் வருமுன் வாழ்ந்த ஒருவரின் கொடை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். அரபகத்தின் வள்ளல் ஹாத்திம் தாயியும் இஸ்லாத்திற்கு முன் மறைந்தவரே. அவருடைய மகள் கைதியாக வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை விடுவித்து, ஆடையும் வழிச்செலவும் தந்து கண்ணியமாக அனுப்பியதை நபிவரலாற்று நூல்கள் கூறுகின்றன. நற்குணம் எங்கிருந்தாலும் அதை மதிப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு.

இரண்டாவது ஏடு அகநானூறு. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அதன் 209ஆம் பாடல் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படை போற்றும் கடையெழு வள்ளல்களில் இவ்விருவரும் உள்ளனர். வள்ளலை வள்ளலே கொன்றான்! கொடையால் புகழ்பெற்றவரையும் மண்ணாசையும் பகையும் விடவில்லை என்பதே நம் பிள்ளைகள் பெறவேண்டிய படிப்பினை.

மூன்றாவது, ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1918இல் வெளியிட்ட சேலம் மாவட்ட விவரச்சுவடி. 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை கொல்லிமலை சேலத்தைச் சேர்ந்ததே. மலைவாழ் மக்களைப் பற்றிய செய்திகள் இதில் நிறைய உண்டு. ஆயினும் ஆள வந்தவரின் பார்வை அது என்பதை மனத்தில் இருத்திப் படிக்கவேண்டும். அங்கே 'மலையாளி' என்பது கேரளத்தாரைக் குறிக்கும் சொல் அன்று. தமிழ் பேசி, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த மலைவாழ் பழங்குடியினரின் பெயர் அது. இவ்வொன்றை அறியாததாலேயே அவர்களிடம் அயலாரிடம்போல் பேசித் திரும்புவோர் பலர்.

மூன்றையும் முழுமையாகப் படிக்க இயலாதவர்கள், புறப்படுவதற்கு முந்தைய இரவு அந்த இரு பாடல்களையேனும் உரையுடன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். கதை தெரிந்த பிள்ளை அருவியருகே நெகிழிப் பையை வீசத் தயங்கும். பாணருக்குக் கணக்கின்றிக் கொடுத்தவனின் மலையில், மிளகு விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச நமக்கும் நா எழாது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், மலைப்பாதையில் அதை மறக்கலாகாது.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை அறிவும் பணிவும் தருபவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.