திருச்சிப் புதைபடிவங்கள்: துலக்கும் கலையும் வரலாறும்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எவ்வளவு ஆழமாகக் கிணறு தோண்டினாலும் கல்லாகிய கடற்சிப்பி ஒன்றும் கிடைக்காது. கொங்கு நாட்டின் அடித்தளம், பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறையாகும். கிழக்கே திருச்சியைக் கடந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சென்றாலோ நிலைமை வேறு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், அங்கே கடல் பரவியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டுகளும் பாறைக்குள் புதைந்து கிடக்கின்றன.

1840-களில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இவற்றைத் திரட்டினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு, இப்பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அத்துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றி 1873 வரை பெருநூல்களை எழுதினார்.

எங்கே நிறுத்துவது?

இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் முதற்படி, படிவத்தைப் பாறையிலிருந்து துலக்கி எடுப்பதே. அம்மோனைட்டின் இனத்தை அறிய, அதன் அறைச்சுவர்கள் ஓட்டைச் சந்திக்கும் நெளிகோடு உதவுகிறது. ஓடு மூடியிருந்தால் அக்கோடு தெரியாது. ஓடு நீங்கிய இடத்தில், உள்ளே நிறைந்த கல்லின் மேல்தான் தெரியும். ஆகவே எதை நீக்குவது, எங்கே நிறுத்துவது என்று அறிவதே துலக்குபவரின் திறமை.

லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டூம்ஸ், சுண்ணாம்புப் பாறையிலிருந்து எலும்புப் படிவங்களை அசெட்டிக் அமிலத்தால் பிரித்தெடுக்கும் முறையை 1948-இல் வெளியிட்டார். எலும்பு பாஸ்பேட்டால் ஆனது; எனவே பாறை கரைய, அது எஞ்சியது. நம் சிப்பிகளுக்கு இம்முறை ஆகாது. ஓடும் சுண்ணாம்பு, பாறையும் சுண்ணாம்பு; வினிகர்கூட இரண்டையும் அரித்துவிடும்.

வீட்டில் செய்யத் தக்கது எளிய முறையே. களிமண்ணை நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு நீக்கலாம். ஈரம் பட்டால் உதிரும் படிவத்தை நனைக்கலாகாது. கடினமான பாறையை ஊசியால் சிறிது சிறிதாக, படிவத்திற்கு வெளிப்புறமாகவே பெயர்க்க வேண்டும். கண்ணாடி அணிவதும் தூசியைச் சுவாசிக்காதிருப்பதும் அவசியம்.

சீட்டே சாட்சி

ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் படிவங்களைக் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தவை எனக் கருதினார். அவை அக்காலத்தின் இறுதியைச் சேர்ந்தவை. 1895-இல் வார்த் அங்குள்ள அடுக்குகளை வேறுபடுத்திக் காட்டினார். வியன்னாவில் கோஸ்மாட் அவர் திரட்டியவற்றை ஆராய, கால வரிசை தெளிவாயிற்று. எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரியாவிட்டால், அழகாகத் துலக்கிய படிவமும் ஊமையே.

இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட அடுக்கு மீண்டும் வராது. படிவத்தோடு வைத்த சீட்டு மட்டுமே அதற்குச் சாட்சி. ஊர், அடுக்கு, நாள் ஆகியவற்றை எழுதிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். சாத்தனூர், திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கண்ணால் மட்டுமே திரட்ட வேண்டும்.