மஞ்சளும் வாய்ப்புற்றும்: ஆராய்ச்சி வந்த வழி



வெட்டுக்காயத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் போடுவது நமக்குப் பழக்கம். அதே மஞ்சள் வாய்ப்புற்றையும் ஆற்றுமா? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கிட்டே ஏர் ஓட்டுகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் உண்டு. அதனால் இது நமக்கு அவசியமான விஷயம்.

மஞ்சளுக்கு நிறம் தருகிற பொருள் குர்குமின். ஐரோப்பாவில் வோகெல், பெல்லெத்தியே என்ற இரு விஞ்ஞானிகள் 1815-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுப்புண்ணில் தடவிப் பார்த்தது நம்ம பக்கத்துக் கேரளா. திருச்சூர் அமலா ஆராய்ச்சி மையத்தில் இராமதாசன் குட்டன் குழுவினர், வெளியே புண் தெரிகிற 62 நோயாளிகளுக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் தடவினார்கள். 1987-ல் முடிவு வந்தது. நாற்றமும் அரிப்பும் நன்றாகக் குறைந்தன. ஆனால் புண் சுருங்கியது 100-க்கு 10 பேருக்குத்தான்.

புற்று வருவதற்கு முன்னால் பலருக்கு வாயில் வெள்ளைத் திட்டு விழும். அந்த நிலையிலேயே தடுக்கலாமா என்று அடுத்துப் பார்த்தார்கள். நிறச்சத்து மிகுந்த சுருள்பாசியைத் திருவனந்தபுரத்தில் தினம் 1 கிராம் வீதம் ஓராண்டு கொடுத்தார்கள். 100-க்கு 45 பேருக்குத் திட்டு மறைந்ததாக 1995-ல் அறிவித்தார்கள். ஆனால் நிறுத்திய ஓராண்டுக்குள், குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிட்டது.

மருந்தடிச்ச பாத்திக்குப் பக்கத்தில் அடிக்காத பாத்தியும் இருந்தால்தானே பலன் தெரியும்? அதே மாதிரி 223 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் குர்குமினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2016-ல் வந்த கணக்குப்படி, குர்குமின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 67 பேருக்குத் திட்டு குறைந்தது. வெற்று மாத்திரையிலும் 55 பேருக்குக் குறைந்தது! பலன் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அவர்கள் கொடுத்தது தினம் 3.6 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் அது 100-க்கு 3 பங்குதான். அப்படியானால் தினம் 120 கிராம் தூள் விழுங்க வேண்டும், நடக்கிற காரியமா?

இயற்கைச் சத்துதானே, கெடுதல் இல்லை என்றும் நினைக்காதீர்கள். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினைப் பின்லாந்தில் சிகரெட் பழக்கக்காரர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது, நுரையீரல் புற்று 100-க்கு 18 பங்கு கூடியது. இது 1994-ல் தெரிந்தது.

உயிரைக் காப்பாற்றிய வழி வேறு. 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, குடிப்பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் தெரிந்தது.

ஆகவே மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். புகையிலையை விடுங்கள். மாதம் ஒருமுறை கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் ஆம்பூர் அரசு ஆஸ்பத்திரியிலோ வேலூரிலோ காட்டுங்கள். பயிரில் பூச்சியை முதல் இலையிலேயே பார்க்கிற கண், நம்ம வாயையும் பார்க்கட்டும்.