தொலைக்காட்சித் தொடர்களில் கதைமாந்தர் இறப்பும் மீட்பும்: பார்வையாளர் எதிர்வினை நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

தொடர்கதை என்னும் வடிவம் தோன்றிய நாள்தொட்டே, கதைமாந்தர்மீது படைப்பாளிக்குள்ள உரிமை எதுவரை செல்லும் என்னும் வினாவும் உடன் தோன்றிவிட்டது. ஆர்தர் கோனான் டாயில் 1893ஆம் ஆண்டில் ஷெர்லக் ஹோம்சை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் மனக்குறை ஆறாத நிலையில் 1903இல் அவரை உயிருடன் மீட்டார். தமிழில் கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னின் இறுதியில், கதைமாந்தரின் பிற்கால வாழ்வு பற்றி வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரை எழுதி விடை கூற நேர்ந்தது. அச்சில் எழுந்த இவ்வழக்கு தொலைக்காட்சியில் மேலும் கூர்மை பெற்றது. அன்புக்குரிய மாந்தரை எழுத்தாளர்கள் முறையின்றி நடத்துகின்றனர் என்னும் குற்றச்சாட்டு எவ்வளவு பொருந்தும் என்பதை மூன்று தொடர்களின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீட்கப்படாத இறப்பு: ‘மாஷ்’ (1975)

கொரியப் போரின் படை மருத்துவமனை ஒன்றைக் களமாகக் கொண்ட ‘மாஷ்’ தொடர், அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்தால் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பப்பட்டது. அதில் மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன், மூன்றாம் பருவத்தின் முடிவில் தொடரைவிட்டு விலகினார். 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், பணி முடிந்து வீடு திரும்பப் புறப்பட்ட பிளேக்கின் வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டதாகவும் எவரும் பிழைக்கவில்லை எனவும் அறுவை அரங்கில் செய்தி படிக்கப்படுகிறது.

நகைச்சுவைத் தொடராக அதனைக் கண்டு வந்தோர் அதிர்ந்தனர். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எனினும் படைப்பாளர்கள் தம் முடிவை மாற்றவில்லை. போர் என்பது விரும்பப்படுவோரையும் விட்டுவைப்பதில்லை என்பதே அவர்கள் தரப்பு வாதமாக இருந்தது. தொல்காப்பியம் அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவையும் ஒன்றாக வைக்கிறது. பிளேக்கின் இறப்பு அத்தகைய இழவாகவே நின்றது. பார்வையாளர் துயரம் உண்மையானது. ஆனால் அத்துயரம் கதையின் பொருளோடு இயைந்தது.

கனவாக்கப்பட்ட இறப்பு: ‘டல்லாஸ்’ (1985–1986)

எண்ணெய் வணிகக் குடும்பமொன்றின் பூசல்களைக் கூறிய ‘டல்லாஸ்’ தொடரில் பாபி யூவிங்காக நடித்த பேட்ரிக் டஃபி விலக விரும்பியதால், 1985 மே மாதத்தில் அம்மாந்தர் இறந்ததாகக் காட்டப்பட்டார். ஓராண்டுக் கதை அவரின்றி நகர்ந்தது. தொடரின் செல்வாக்கும் குன்றியது. 1986 மே மாதத்தில் பாபி குளியலறையில் உயிருடன் தோன்றினார். அவ்வாண்டு செப்டம்பரில், முந்தைய பருவம் முழுவதும் அவர் மனைவி பாமெலா கண்ட கனவு என விளக்கம் தரப்பட்டது.

பாபி மீண்டதில் மகிழ்ந்தோரும் இவ்விளக்கத்தை எளிதில் ஏற்கவில்லை. ஓராண்டுக் காலம் தாம் கண்டு நெகிழ்ந்த நிகழ்ச்சிகள் நிகழாதவை ஆயின என்பதே அவர்தம் குறை. இதன் கிளைத் தொடராகிய ‘நாட்ஸ் லேண்டிங்’, பாபியின் இறப்பைத் தன் கதையில் மாற்றவில்லை. அதனால் ஒரே மாந்தர் ஒரு தொடரில் உயிருடனும் மற்றொன்றில் இறந்தும் இருக்க நேர்ந்தது. ஒரு மாந்தரை மீட்பதற்காகக் கதையுலகின் நம்பகத்தன்மையே விலையாகக் கொடுக்கப்பட்டது.

மக்கள் மீட்ட மாந்தர்: மிஹிர் விரானி (2001)

இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் இவ்வழக்கிற்குச் சிறந்த சான்று, ‘கியோன்கி சாஸ் பி கபி பஹூ தி’ என்னும் இந்தித் தொடராகும். ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ் தயாரித்த இத்தொடர், ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் 2000 ஜூலை 3 அன்று தொடங்கி, 2008 நவம்பர் வரை 1,800க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பானது. துளசியாக ஸ்மிருதி இரானியும் அவள் கணவன் மிஹிராக அமர் உபாத்யாயும் நடித்தனர்.

2001இல் மிஹிர் விபத்தில் இறந்ததாகக் காட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, நாளிதழ்களில் செய்தியாகும் அளவிற்குப் பெருகியது. மிஹிர் மீண்டும் வரவேண்டும் என்னும் கோரிக்கை தயாரிப்பாளரை எட்டியது, மிஹிரும் மீண்டார். வெளித்தோற்றத்தில் இது பார்வையாளரின் வெற்றி. ஆயின் மீண்டு வந்தவன் நினைவிழந்தவனாக வந்தான்; மந்திரா என்னும் மருத்துவரோடு அவனுக்கு ஏற்பட்ட உறவு பின்னாளில் துளசியின் இல்லறத்தைப் பிளந்தது. 2002இல் உபாத்யாய் விலக, இந்தர் குமாரும் பின்னர் ரோனித் ராயும் அவ்வேடத்தை ஏற்றனர். பெயர் நிலைத்தது, முகமும் இயல்பும் மாறின.

மக்கள் கேட்டது துளசியை நேசித்த மிஹிரை. பெற்றதோ துளசிக்குத் துயர் தந்த மிஹிரை. அவன் இறந்தபடியே விடப்பட்டிருப்பின், பார்வையாளர் நினைவில் குறையற்ற கணவனாகவே நின்றிருப்பான். எனவே இம்மாந்தருக்கு இழைக்கப்பட்ட பெருந்தீங்கு அவனது இறப்பிலன்று, மீட்பிலேயே நேர்ந்தது எனக் கருத இடமுண்டு.

ஒப்பீடு

பார்வையாளர் எதிர்வினை கதையை மாற்றுவதும் மாற்றாமையும் அவர்தம் அன்பின் அளவை மட்டும் பொறுத்ததன்று. தயாரிப்பு முறையையும் பொறுத்தது. ‘மாஷ்’ பருவமுறைத் தொடர். பிளேக்கின் இறப்பு பருவத்தின் இறுதியில் அமைந்தது. அடுத்த பருவம் தொடங்கப் பல மாத இடைவெளி இருந்தமையால், புதிய தலைவர் ஒருவரை அமைத்துக் கதையைத் தொடர முடிந்தது. ‘டல்லா’சில் மாற்றத்திற்கு ஓராண்டு ஆயிற்று. இந்தி நெடுந்தொடரோ வார நாள்தோறும் ஒளிபரப்பாவது. ஒளிபரப்பிற்குச் சில நாள் முன்னரே எழுதப்பட்டுப் படமாக்கப்படுவது. வாரந்தோறும் வெளிவரும் பார்வையாளர் அளவீட்டிற்குக் கட்டுப்பட்டது. ஆகவே அங்கு மக்களின் குரல் கதைக்குள் விரைந்து நுழைகிறது. அதே விரைவு, மீட்பிற்குரிய காரணத்தைப் பொருந்த அமைக்கும் கால இடைவெளியை எழுத்தாளருக்குத் தருவதில்லை. நினைவிழப்பு, முகமாற்றம் போன்ற உத்திகள் நெடுந்தொடர்களில் மீண்டும் மீண்டும் கையாளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழியை எழுத்தாளர்மீது மட்டும் சுமத்துவதும் பொருந்தாது. பிளேக், பாபி ஆகிய இருவர் இறப்பிற்கும் நடிகரின் விலகலே தூண்டுதலாயிற்று. நாவலாசிரியருக்கு இத்தகைய இடர் இல்லை.

முடிவுரை

மூன்று தொடர்களையும் ஒருங்கு நோக்கின், மாந்தர் இறப்பதனாலேயே இழிவுறுவதில்லை என்பது புலனாகும். அதுவரை வளர்த்த இயல்புக்கு மாறாக அவர்களை இயக்கும்போதே எழுத்தாளர் தவறிழைக்கின்றனர். இவ்வளவுகோலால் நோக்கின், மிகுந்த கண்டனத்திற்கு ஆளான பிளேக்கின் முடிவே மாந்தருக்கு உண்மையானது. மிகுந்த வரவேற்போடு நிகழ்ந்த மிஹிரின் மீட்போ அவனைச் சிதைத்தது. 2025 ஜூலையில் இத்தொடர் மீண்டும் தொடங்கியபோது அமர் உபாத்யாயே மிஹிராகத் திரும்பினார். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அம்மாந்தருக்குரிய முதல் முகம் நாடப்பட்டமை, மக்கள் எதனை இழந்ததாக உணர்ந்தனர் என்பதைக் காட்டுகிறது. பார்வையாளரின் சினம் பெரும்பாலும் நேரிய அன்பிலிருந்தே எழுகிறது. ஆனால் அது கேட்கும் பரிகாரம் எப்போதும் அவ்வன்பிற்கு ஏற்றதாக அமைவதில்லை.