மாரடைப்பும் ஈஸ்திரோஜன் குளிசையும்



நடுவயதில் மாரடைப்புக்கு இரையாவோருள் ஆண்களே மிகுதி. பெண்களோ, மாதவிடாய் நின்று ஆண்டுகள் சில கழிந்த பின்னரே அந்நோய்க்கு அதிகமாக ஆட்படுகின்றனர். இவ்வேற்றுமையைக் கண்ட வைத்தியர்கள், சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனே பெண்ணின் இருதயத்துக்குக் கவசமாய் நிற்கின்றது எனக் கருதினர். அவ்வாறு கருதுவதற்கு நியாயமும் இருந்தது. அவ்வோமோன் குருதியிலுள்ள தீய கொலஸ்திரோலைக் குறைப்பதும் உண்மையே. ஆயினும், கருத்து வேறு, சோதனையின் தீர்ப்பு வேறு. அத்தீர்ப்பு வந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1929 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வேட் டொய்சியும் ஜேர்மனியில் அடொல்ஃப் பியூட்டெனான்ட்டும் தனித்தனியே இவ்வினத்து ஓமோன் ஒன்றைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்தனர். பின்னர், கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெற்ற ஈஸ்திரோஜன், குளிசையாகி 1942 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்கு இடப்பட்ட 'பிரெமரின்' என்னும் பெயரும் அம்மூலப் பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே. அதனை உட்கொண்டோருள் எத்தனை பேர் இதை அறிந்திருந்தனரோ!

இருதயத்தைக் காக்கும் என்று நம்பப்பட்ட இம்மருந்து, பெரிய அளவில் முதலிற் சோதிக்கப்பட்டது பெண்களிடத்தன்று, ஆண்களிடத்தே என்பது விந்தையானது. ஏற்கெனவே மாரடைப்புக் கண்ட ஆண்களைக் கொண்டு 1966 இல் அமெரிக்காவில் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. ஈஸ்திரோஜனை உயர்ந்த அளவிற் பெற்றோரிடையே மீண்டும் மாரடைப்பும் குருதிக் கட்டிகளும் மிகுந்தமையால், 1970 இல் அப்பிரிவு நிறுத்தப்பட்டது. குறைந்த அளவு கொடுக்கப்பட்ட பிரிவும் 1973 இற் கைவிடப்பட்டது. இது தெளிவான எச்சரிக்கை. ஆனால், ஆண்களிடம் கண்டது பெண்களுக்குப் பொருந்தாது என்று அதனை ஒதுக்குவது எளிதாயிருந்தது.

1985 இல் ஒரே மருத்துவச் சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. 32,317 தாதியரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு, ஈஸ்திரோஜன் உட்கொண்டோருக்கு இருதய நோய் மிகக் குறைவு என்றது. பிரேமிங்காம் நகரிலே 1,234 பெண்களை நோக்கிய ஆய்வோ, அந்நோய் மிகுதி என்றது. உலகம் முன்னதையே பெரிதும் நம்பியது.

குளிசையை உட்கொண்டதனால் அப்பெண்கள் நலமாயிருந்தனரா? அன்றி நலமாயிருந்தோரே குளிசையை நாடிச் சென்றனரா? இத்தகைய மருந்தை விரும்பிப் பெறுவோர் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உள்ளோர், உடலைப் பேணுவோர், வைத்தியரை அடிக்கடி காண்போர். அவர்தம் நலத்துக்கெல்லாம் மருந்தையே காரணமாகக் கூறுவது, சேவல் கூவியதனாற் பொழுது விடிந்தது என்பது போலாகும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஒரே வழி, திருவுளச்சீட்டுப் போட்டாற்போல மக்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மருந்தும் மறு கூற்றுக்கு மருந்தில்லாப் போலிக் குளிசையும் கொடுத்தலாம். இவ்வாறு, இருதய நோயுள்ள 2,763 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1998 இல் வெளிவந்தது. இருதய நோயால் இறந்தோரும் உயிர் பிழைத்த மாரடைப்புக் கண்டோருமாக, மருந்துண்டோரில் 172 பேர். போலிக் குளிசை உண்டோரில் 176 பேர். கவசம் என்று சொல்லப்பட்டதன் பயன் இவ்வளவே. அன்றியும், முதலாண்டில் மருந்துண்டோரே அதிகமாகத் துன்புற்றனர்.

அடுத்து, 16,608 பெண்களிடம் ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்ரினும் சேர்த்துச் சோதிக்கப்பட்டன. 2002 ஜூலையில், குறித்த காலத்துக்கு முன்பே அச்சோதனை நிறுத்தப்பட்டது. 10,000 பெண்களை ஓராண்டுக்கு எடுத்துக்கொண்டால், போலிக் குளிசை உண்டோரில் 30 பேருக்கும் மருந்துண்டோரில் 37 பேருக்கும் இருதய நோய் கண்டது. பாரிசவாதமும் மார்புப் புற்றுநோயும் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. தனித்தனி ஒருத்திக்கு இவ்வபாயம் சிறிதே. ஆனால், நோயற்ற இலட்சக்கணக்கான பெண்களுக்கு நோயைத் தடுக்கவென்று கொடுக்கப்பட்ட மருந்தல்லவா அது!

செய்தி பரவியதும் பெண்கள் பலர் மருந்தை ஒரேயடியாக விட்டனர். அதுவும் முழுச் சரியன்று. அச்சோதனையிற் சேர்ந்தோரின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற சின்னாட்களிலேயே மருந்தைத் தொடங்கினால் விளைவு வேறாகுமோ என்ற வினா எழுந்தது. 643 பெண்களை ஆராய்ந்து 2016 இல் வெளியான சோதனையில், மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் தொடங்கியோரின் கழுத்து நாடிச் சுவர் தடிக்கும் வேகம் குறைந்தது. 10 ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியோரிடம் அப்பயன் காணப்படவில்லை. எனினும், நாடிச் சுவரின் தடிப்பு வேறு, மாரடைப்பு வேறு. உடல் வெப்பமும் வியர்வையும் வருத்தும் பெண்களுக்கு வைத்தியர்கள் இன்றும் இம்மருந்தைக் கொடுக்கின்றனர். இருதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் கொடுப்பதை 2022 இலும் அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு ஏற்கவில்லை.